குத்புதீனுக்கு ஒரு முகம்

என் படத்துக்கு ஊரார் மாலை போட்ட அன்று நான் உயிரோடுதான் இருந்தேன். அதே மண்டபத்தில், கடைசி வரிசையில், மீசையை மழித்துக்கொண்டு, கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் புழுக்கத்தில் மப்ளர் எதற்கு என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன். பேரவையின் உத்தரவு என்று அவரிடம் சொல்ல முடியுமா?

பேரவை என்றால் மலைக்கோட்டைப் பொதுநல மறுமலர்ச்சிப் பேரவை. பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு வெல்ல மண்டியின் மேல்மாடியில் அது இருந்தது. கீழே வெல்லம், மேலே பேரவை. ஈக்கள் இரண்டுக்கும் பொது. நான் அதன் எழுத்தர். பகலில் ஓர் இரும்புக் கடையில் குமாஸ்தா வேலை, பொழுது சாய்ந்தால் பேரவையில் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலை. பேரவையில் சம்பளம் கிடையாது. பத்திரிகை ஓசியில் படிக்கலாம், கூட்டம் நடந்தால் ஒரு காபி உண்டு, அதோடு நான் குடியிருந்த பாலக்கரையில் 'பேரவைக்காரர்' என்று நாலு பேர் கூப்பிடுவார்கள். அந்த அழைப்புக்கு மயங்கித்தான் நான் பல வருடம் அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பேரவை செய்த பொதுநலம் படத்திறப்பு. ஊரில் யார் செத்தாலும் படம் திறப்போம். செத்து வெகுகாலம் ஆனவர்களையும் விடமாட்டோம். ஆள் அகப்படாத வருடத்தில் எங்கள் தலைவருக்கே, அவர் முன்னிலையிலேயே, அவர் தலைமையிலேயே படம் திறந்திருக்கிறோம். மண்டபத்தின் நாலு சுவரும் படங்களால் நிரம்பிவிட்டன. மின்விசிறி வாங்கித் தந்த புண்ணியவான் படம் அந்த மின்விசிறிக்கு நேர் எதிரே மாட்டப்பட்டு, இரவு பகலாக ஆடிக்கொண்டிருந்தது.

அறுபத்தைந்தாம் வருடம் மேற்கு எல்லையில் சண்டை நடந்ததல்லவா, அதில் நம் ஊர்ப் பையன் ஒருவன் இறந்துபோனான். பெயர் குத்புதீன். நத்தர்ஷா தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவன் வீடு. எங்கள் மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் அவனை நான் பார்த்ததில்லை, பேரவையில் யாருமே பார்த்ததில்லை. அவன் இறந்த செய்தி ஊருக்கு வந்து எத்தனையோ மாதம் வரை எங்கள் காதில் ஏறவும் இல்லை. அடுத்த கோடையில், எங்கள் போட்டிச் சங்கத்தார் அவனுக்குப் படம் திறக்கப் போகிறார்களாம் என்று ஒரு பேச்சு அடிபட்டது. அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடிவிட்டது.

தலைவர் கஸ்தூரிரங்கன் ஸ்ரீரங்கத்துக்காரர், ஓய்வுபெற்ற டெபுடி கலெக்டர். எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு தொடங்கினார்.

"மகாஜனங்களே! தேச ரக்ஷணார்த்தம் பிராணத் தியாகம் பண்ணின அந்த யுவாவுக்கு நாம சித்திரப் பிரதிஷ்டை பண்ணாட்டா நம்ம ஜன்மாவே வியர்த்தம். அவன் நாமதேயம் நம்ம ஹிருதயத்துல பொன் எழுத்தாலே பொறிக்கப்பட்டிருக்கு. அந்த நாமதேயம்... என்ன ஓய் பாக்கியநாதன், பேர் என்ன?"

"குத்புதீன் சார்" என்றேன்.

"அதேதான்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

செயலாளர் நல்லதம்பி ஜவுளிக்கடைக்காரர். கடையில் துணி கிழிக்கும்போது நம்மைப் போலத்தான் பேசுவார். ஒலிபெருக்கி, அல்லது குறைந்தபட்சம் ஒரு மேசை எதிரே இருந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். "எல்லையிலே எழுந்த எரிமலையே! எதிரியை எற்றிய ஏந்தலே! எம் இதயத்து ஏட்டிலே ஏறிய எழுத்தே! உனக்குப் படம் திறக்கும் பெரும்பேறு பக்கத்துச் சங்கத்துக்குப் போகலாமா? போனால் நம் பேரவையின் பெயர் என்னாகும்? நாளை எவன் நமக்கு நன்கொடை தருவான்?" என்று கர்ஜித்தார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. அவனுடைய போட்டோ ஒன்றை வாங்கிவர என்னை அனுப்புவது என்று ஏகமனதாக முடிவானது.

மறுநாள் போனேன். குத்புதீனின் தாயார் ஜீனத் பீவி வாசலில் உட்கார்ந்து தொப்பி தைத்துக்கொண்டிருந்தார். கணவர் முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் அவர் ஒருவர்தான். என்னை உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வந்த காரியத்தைக் கேட்டார். சொன்னேன்.

"போட்டோவா? அவன் அத்தா இருந்த வரைக்கும் வீட்டுல படமே வச்சதில்லை தம்பி. படம் இருக்குற வீட்டுக்கு மலக்குமாருங்க வர மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. பட்டாளத்துல எடுத்திருப்பாங்க. எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

மலக்குமார் என்றால் வானதூதர்கள். எங்கள் வீட்டில் வானதூதர்களையே படமாக வாங்கி மாட்டியிருக்கிறோம். அதை அவரிடம் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

"தம்பி, பெரிய ஆளுங்களோட பழகுறீங்க. எனக்காக ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுவீங்களா?" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"எம்புள்ளைய எந்த ஊர்ல அடக்குனாங்க? தந்தியில மவுத்தான சேதி மட்டும்தான் இருந்துச்சு. சண்டையில செத்தவங்களை எல்லாம் மொத்தமா போட்டு எரிச்சிட்டாங்கன்னு இந்தச் சந்துல ஒருத்தன் சொல்லிட்டுத் திரியிறான். அடக்குனாங்களா, நாலு பேரு நின்னு ஜனாஸா தொழுதாங்களா, அது தெரியணும். துஆ எங்கேருந்து கேட்டாலும் போயிச் சேரும்னு பள்ளிவாசல்ல ஹஜ்ரத் சொல்றாங்க. வாஸ்தவம்தான். ஆனா பெத்தவளுக்குப் புள்ளை கிடக்குற மண்ணு எதுன்னு தெரிய வேணாமா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சத்தியமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். டெபுடி கலெக்டராக இருந்தவர் ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் பதில் வந்துவிடும் என்பது என் கணக்கு.

அடுத்த கூட்டத்தில் இரண்டையும் சொன்னேன். அடக்கம் செய்த இடம் பற்றிய கேள்வியைக் கேட்டதும் தலைவர், "நியாயமான பிரார்த்தனை. குறிப்பிலே ஏத்திக்கொள்ளும்" என்றார். ஏற்றிக்கொண்டேன். அத்துடன் அது முடிந்தது. போட்டோ இல்லை என்றதும்தான் கூட்டம் ஆடிப்போய்விட்டது. எங்கள் விதிப்படி படம் இல்லாதவருக்கு மாலை கிடையாது. மாலை இல்லாதவருக்கு இரங்கல் தீர்மானம் கிடையாது. குத்புதீன் செத்தது விதிகளுக்குள் வரவே இல்லை.

"போட்டோகூட எடுத்து வைக்காம சண்டைக்குப் போயிருக்கானே, என்ன பொறுப்பில்லாத பையன்!" என்று ஓர் அங்கத்தினர் நொந்துகொண்டார்.

ஓர் ஓவியரை வைத்துப் படம் எழுதச் சொல்லலாம் என்று கடைசியில் முடிவு செய்து, அங்க அடையாளம் கேட்டுவர மறுபடியும் என்னை அனுப்பினார்கள். ஜீனத் பீவி தைத்துக்கொண்டிருந்த தொப்பியை மடியில் வைத்தார். பிறகு சொன்னார்.

"ஒல்லியாத்தான் இருப்பான். கறுப்பு. காது ரெண்டும் விடைச்சிக்கிட்டு நிக்கும். பம்பரம் பட்டு முன்பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சிருக்கும், சிரிச்சா கையை வச்சு மூடிக்குவான். மீசை வரலை. வரலையேன்னு அவனுக்கே விசனம்." அப்புறம், "அந்த மண்ணைப் பத்திக் கேட்டீங்களா தம்பி?" என்றார்.

"குறிப்புல ஏத்தியிருக்கும்மா" என்றேன். அதைக் கேட்டு அந்த அம்மாள் முகத்தில் வந்த தெளிவைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல், செருப்பைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

அங்க அடையாளங்களைப் பேரவையில் படித்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளுபடியானது. ஒல்லி என்பது இராணுவத்தின் மதிப்பைக் குறைக்கும் என்றார்கள். உடைந்த பல் வாயை மூடினால் தெரியாது, எனவே அதை விவாதிக்க வேண்டியதில்லை. காது சிறுவர்களைச் சிரிக்கவைக்கும். மீசைக்கு வந்தபோது நல்லதம்பி எழுந்துவிட்டார்.

"மீசையில்லா முகத்துக்கு மாலையா? மானமுள்ள மறவர் மண்ணில் மழுமழுவென்று ஒரு மாவீரனா? என் கை எழாது!"

"பாஹ்ய ரூபம் அநித்தியம் ஓய்" என்று தலைவர் சமாதானம் செய்தார். "இருந்தவன் எப்படி இருந்தாங்கறது நமக்கு அப்பிரஸ்துதம். தியாக பாவம் முகத்துல தெரியணும். அவ்வளவுதான். அப்படி ஒரு முகம் நம்மகிட்ட இருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது. எங்கள் கோயிலில் தவக்காலத்தில், ஏசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகம் போடுவோம். அதில் நான் வருடா வருடம் ரோமைச் சேவகன். ஆண்டவருடைய கல்லறைக்குக் காவல் நின்று, நின்றபடியே தூங்கிப்போவது என் வேடம். அதில் எனக்கு நல்ல பெயர். இயற்கையாகத் தூங்குகிறான் என்று பங்குச் சாமியாரே பாராட்டியிருக்கிறார். பேரவையில் இராணுவ அனுபவம் உள்ளவன் நான் ஒருவன்தான். தவிர, அந்த நாளில் என் மீசை மீசையாகவே இருந்தது.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கிறவன் போல, "எனக்கெதுக்கு சார் இதெல்லாம்" என்றேன். இரண்டாவது தடவை கேட்டதும் சரி என்றுவிட்டேன். அவர்கள் இரண்டாவது தடவை கேட்காமல் போய்விடுவார்களோ என்று நடுவில் பயமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் நடுவிலும் அடக்கம் செய்த இடத்தை ஞாபகப்படுத்தினேன் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். அதற்கென்று அப்போதே 'அடக்கவிட ஆய்வுத் துணைக்குழு' ஒன்று அமைக்கப்பட்டது. அந்தக் குழு கடைசி வரை கூடவில்லை. அதன் அங்கத்தினர் எல்லாரும் படத்திறப்பு வேலையில் மும்முரமாக இருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் அக்னஸிடம் சொன்னேன். அக்னஸ் என் மனைவி. அரிசிக்கு வரிசையில் நின்று வெறும் பையோடு திரும்பியிருந்தாள்.

"உசுரோட இருக்குறப்பவே படத்துல போயி உக்காரப் போறீங்களா? அதுக்கு மாலை வேற போடுவாங்களா? என் தாலியப் பத்தி யாராவது யோசிச்சாங்களா?"

"இது எனக்குப் போடுற மாலை இல்லை அக்னஸ். அந்தப் பையனுக்கு."

"மூஞ்சி உங்க மூஞ்சி. அப்புறம் மாலை மட்டும் எப்படி அவனுக்குப் போகும்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் விதிகளில் பதில் இல்லை. நான் கண்ணாடி முன்னால் போய்த் தியாக பாவம் பழகினேன். முதலில் பல்வலிக்காரன் மாதிரி வந்தது. விடாமல் பழகியதில் கடன்காரனைக் கண்டவன் மாதிரி வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

சீருடை ஒரு பிரச்சினையானது. பாஸ்காவில் எனக்குப் பாவாடையும் சிவப்புப் போர்வையும் ஓர் ஈட்டியும்தான் கொடுப்பார்கள். கடைசியில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் ஒரு பேண்டு கோஷ்டியிடம் சட்டை இரவல் வாங்கினோம். தோளில் தங்கச் சரிகை, மார்பு நிறையப் பித்தளைப் பொத்தான், இடுப்பில் சிவப்புப் பட்டை. சாதாரணச் சிப்பாய்க்கு இது அதிகமில்லையா என்று கேட்டேன். "செத்தவனுக்குப் பதவி உயர்வு குடுத்தா யாரு தடுக்கப் போறா?" என்றார் நல்லதம்பி. மேசை இல்லாத இடமாதலால் சாதாரணமாகவே சொன்னார்.

படம் எழுத ஸ்ரீரங்கத்தில் அழகியமணவாளன் என்பவரைப் பிடித்திருந்தார்கள். பெருமாளையும் தாயாரையும் தவிர வேறு யாரையும் எழுதிப் பழக்கமில்லாதவர். சித்திரை வீதியில் அவர் வீட்டுக் கூடத்தில், பேண்டு சட்டை போட்டு, ஒரு மூங்கில் கழியைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அசையப்படாது ஸ்வாமி. திருமுகத்தைச் சித்த இப்படித் திருப்பும். கடாட்சம் வரட்டும்."

"வீரம் வரணும்னு சொன்னாங்களே?"

"கடாட்சம் வந்தா எல்லாம் வரும்."

படம் முடிந்ததும் பார்த்தேன். கண்கள் காது வரை நீண்டிருந்தன. உதட்டில் மந்தகாசம். பழக்க தோஷத்தில் வலது கையை அபய ஹஸ்தமாக எழுதிவிட்டு, பிறகு அதில் துப்பாக்கியைச் செருகியிருந்தார். எல்லை என்றால் பனிமலை என்று யாரோ சொன்னதால் பின்னால் பனிமலை. அந்தச் சண்டை நடந்தது பெரும்பாலும் பஞ்சாபின் சமவெளியில். பனிமலையடியில் இடம் மிச்சமிருந்ததால் நாலு வாழைமரமும் எழுதியிருந்தார். இத்தனைக்கும் நடுவில் இருந்தது நான்தான், சந்தேகமே இல்லை. என்னைப் போல அழகாக இருந்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு கர்னல் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. இதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. துணைக்குழு கேட்காவிட்டால் போகிறது, அந்த அம்மாளே நேரில் கேட்டுவிடலாமே. உடனே ஓடிப்போய் ஜீனத் பீவியிடம் சொன்னேன்.

"படம் எங்கேருந்து கெடச்சுது?" என்றார்.

"ஆளை வச்சு எழுதியிருக்காங்கம்மா." எந்த ஆளை வைத்து என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"எழுதிக்கட்டும். படத்துக்கு நான் வரலை தம்பி. அந்தப் பட்டாளத்து அதிகாரிகிட்ட கேக்க வரேன். அவருக்குத் தெரியும்ல?"

"அவருக்குத் தெரியலைன்னாலும் விசாரிச்சுச் சொல்லிடுவாருங்க."

"அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும்" என்றார். பேண்டு சட்டையில் எழுதப்பட்டு மாலைக்காகக் காத்திருந்த எனக்கு அந்த வாழ்த்து தேவையாகத்தான் இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் தலைவர் என்னைக் கூப்பிட்டு, படமும் ஆளும் ஒரே மண்டபத்தில் இருந்தால் ஜனங்களுக்குக் குழப்பம் வரும், எனவே இரண்டில் ஒன்று வரக்கூடாது என்றார். படம் வந்தே ஆக வேண்டும். மௌன அஞ்சலிக்கு நேரம் பார்த்து மணி அடிப்பது என் வேலையாதலால் என்னையும் விட முடியாது. ஆகவே மீசை போனது. அக்னஸ் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

விழா நாளன்று மண்டபம் நிரம்பிவிட்டது. முன்வரிசை முழுவதும் நன்கொடையாளர்கள். ஜீனத் பீவி வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி நிரலை அச்சடித்துக் கொடுத்திருந்தோம். வரவேற்புரை, தலைமையுரை, புகழுரைகள், படத்திறப்பு, மாலை அணிவித்தல், 'வீரத்தாயின் நன்றியுரை (கண்ணீருடன்)', மௌன அஞ்சலி, சிற்றுண்டி. கண்ணீர் என்பதை நல்லதம்பி அச்சுக்கூடத்திலேயே சேர்த்துவிட்டார்.

தொடங்கும் நேரத்தில் கர்னல் வரமுடியவில்லை என்று தந்தி வந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. நல்லதம்பிக்கு எல்லாம் ஓடியது. அவருடைய சகலை காட்டிலாகாவில் ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்றவர். பெட்டியில் காக்கி உடுப்பு இருந்தது. நாங்கள் கடவுள் வாழ்த்துப் பாடி முடிப்பதற்குள் அவர் உடுப்போடு மேடை நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். பேச வேண்டியதில்லை, விறைப்பாக இருந்தால் போதும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. நல்லதம்பி அவரை, "சீருடைச் செம்மல்! சிங்கங்களும் சிறுத்தைகளும் கண்டு சிதறிய சீலர்!" என்று அறிமுகப்படுத்தினார். அது பொய்யில்லை.

ஜீனத் பீவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கர்னல் இல்லை என்று போய்ச் சொல்ல எழுந்தேன். மப்ளர் போட்டவர் நடமாடக்கூடாது என்று ஒரு தொண்டர் என்னை உட்காரவைத்தார்.

தலைவர் பேசினார். இந்தப் பேரவை இதுவரை திறந்த படங்களின் சரித்திரத்தை ஆதியிலிருந்து சொன்னார். தமது உத்தியோக காலத்தில் ஒரு கவர்னர் தம்மைப் பார்த்துத் தலையசைத்ததைச் சொன்னார். "இந்த யுவா ஜீவித்திருந்தால் இன்று இந்த மண்டபத்தில் கடைசி வரிசையில் நின்றிருப்பான். மரணித்ததால் சுவரிலேயே ஸ்தானம் கிடைத்தது. மரணத்தின் மகிமையை யுவாக்கள் உணர வேண்டும்!" என்று முடித்தார். நல்லதம்பி பேசினார். "பகைவன் குண்டு உன் மார்பில் பாய்ந்தது. அந்தச் செய்தி என் காதில் பாய்ந்தது. எது வலித்தது அதிகம்? எனக்கன்றோ வலித்தது!" என்றார். நன்கொடையாளர்கள் கைதட்டினார்கள்.

பிறகு தலைவர் திரைக்கயிற்றை இழுத்தார். திறக்கவில்லை. இன்னும் இருவர் சேர்ந்து இழுத்தார்கள். திரை, கம்பு, கம்பில் கட்டியிருந்த மாவிலை எல்லாம் தலைவர் மேல் விழுந்தன. படம் தெரிந்தது. பனிமலையும் வாழைமரமும் பின்னணியாக, நான் எல்லாரையும் கடாட்சித்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம இரும்புக்கடைக் குமாஸ்தா ஜாடை இல்லே?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"வீரர்களுக்கெல்லாம் ஒரே ஜாடைதாங்க" என்றேன் மப்ளருக்குள்ளிருந்து. என் படத்துக்கு ரோஜா மாலை போட்டார்கள். ஊதுவத்தி கொளுத்தினார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாகவும் கூச்சமாகவும் இருந்தது.

வீரத்தாயை மேடைக்கு அழைத்தார்கள். ஜீனத் பீவி ஏறினார். படத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பி, கூட்டத்தில் ஒவ்வொரு வரிசையாகத் தேடி, கடைசி வரிசையில் என்னைப் பிடித்துவிட்டார். மீசையும் இல்லை, மப்ளர் வேறு. ஆனாலும் பிடித்துவிட்டார்.

"தம்பி, இங்க வாங்க."

போனேன். மண்டபத்தில் சலசலப்பு. அந்த அம்மாள் எட்டிப் படத்திலிருந்த மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"உசுரோட இருக்குற புள்ளை இது. இதுக்குப் போயி மாலை போடுறீங்களே, இவரைப் பெத்தவ பார்த்தா மனசு என்ன பாடுபடும்? கழட்டி வச்சிருங்க தம்பி. வீட்டுல போயி சுத்திப் போடச் சொல்லுங்க."

"அம்மா, அணிவித்த மாலையை அகற்ற விதியில் இடமில்லை" என்றார் நல்லதம்பி. தலைவர், "கண்ணீரோட ரெண்டு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடச் சொல்லுங்கோ" என்றார். தன் பிள்ளை போன இடம் தெரியாமல் நிற்கிற ஒருத்தி, என் ஆயுசுக்காகக் கவலைப்படுகிறாள். வெட்கத்தில் அந்த மாலையை எங்கே வைப்பதென்றே எனக்குத் தெரியவில்லை.

ஜீனத் பீவி காக்கி உடுப்புக்கு எதிரே போய் நின்றார்.

"ஐயா, நான் குத்புதீனோட அம்மா. எம்புள்ளைய எந்த ஊர்ல அடக்குனாங்க? அடக்கத்தான் செஞ்சாங்களா? அதை மட்டும் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஒலிபெருக்கி வேலை செய்துகொண்டிருந்தது. கேள்வி கீழே வெல்ல மண்டி வரை கேட்டிருக்கும். ரேஞ்சர் நல்லதம்பியைப் பார்த்தார். நல்லதம்பி வாயைத் திறந்தார், எகரத்தில் தொடங்கும் ஒரு சொல்லும் வரவில்லை. தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார்.

"அடுத்தபடியாக மௌன அஞ்சலி. ஸர்வஜனங்களும் எழுந்து நிற்க வேண்டியது."

எல்லாரும் எழுந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் எழுந்தார்கள், நன்கொடையாளர்கள் எழுந்தார்கள், ரேஞ்சர் விறைப்பாக எழுந்து நின்றார். ஜீனத் பீவிக்கு மௌன அஞ்சலி என்றால் என்னவென்று தெரியாது. தன் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, மரியாதையாகக் காத்திருந்தார். ரேஞ்சரின் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜீனத் பீவி தலைவரின் முகத்தைப் பார்த்தார், நல்லதம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே முன்வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கை அவர் முகத்திலிருந்து போகவே இல்லை.

இரண்டு நிமிடம் முடிந்ததும் மணியடிக்க வேண்டியவன் நான். ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் மணி. முடிந்தும் கொஞ்ச நேரம் அடிக்காமல் நின்றேன். தலைவர் இருமினார். அடித்தேன். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

ஜீனத் பீவி மட்டும் நின்றுகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பினார்.

"என்ன தம்பி, எல்லாரும் எந்திரிச்சாங்க, ஒண்ணும் சொல்லாம உக்காந்துட்டாங்க?"

தலைவர் மறுபடியும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அடுத்தது சிற்றுண்டி.